நோயாளியின் சொல்
(‘ஹவுஸ்’ தொலைக்காட்சித் தொடரில் நோய்கள்: ஓர் ஆய்வு நோக்கு)



இலக்கிய மேடையில் தொலைக்காட்சி நாடகத்திற்கு என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே. நோய் உடம்பில் தோன்றினாலும், அது மருத்துவரைச் சென்றடைவது சொல்லின் வழியாகத்தான். ‘குத்துகிறது’, ‘எரிகிறது’, ‘இழுக்கிறது’ என்று நோயாளி கூறும் வினைச்சொற்களே நோயறிதலின் முதற் சான்றுகள். அச்சொல் நம்பப்படுகிறதா, புறக்கணிக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்து ஓர் உயிர் நிற்கவும் போகவும் கூடும். சொல்லின் மதிப்பைப் பேசும் அவையில் இது பேசத்தக்க பொருளே. அமெரிக்கத் தொடராகிய ‘ஹவுஸ்’ இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு.

தொடரின் தோற்றம்

2004 நவம்பர் 16 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர் எட்டுப் பருவங்கள் நடைபெற்று, 177 பகுதிகளுடன் 2012 மே 21 அன்று நிறைவுற்றது. இதனை ஆக்கியவர் டேவிட் ஷோர். தலைமைப் பாத்திரமாகிய மருத்துவர் கிரெகரி ஹவுஸாக நடித்தவர் ஆங்கிலேய நடிகர் ஹியூ லாரி. நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ளதாகப் புனையப்பட்ட மருத்துவமனை ஒன்றே கதைக்களம். பிறர் பெயரிட இயலாத நோய்களின் காரணத்தைக் கண்டறிவது ஹவுஸுக்கும் அவருடைய இளம் மருத்துவர் குழுவுக்கும் உரிய பணி.

இக்கதையமைப்பு துப்பறியும் கதையின் வழிவந்தது. ஹவுஸ் குடியிருக்கும் வீட்டின் எண் 221 பி. அது ஷெர்லாக் ஹோம்ஸின் வீட்டு எண். 1887இல் ஹோம்ஸை முதன்முதல் உலவவிட்ட கானன் டாயில் ஒரு மருத்துவர். எடின்பரோவில் அவருக்கு ஆசிரியராக இருந்த அறுவை மருத்துவர் ஜோசப் பெல், நோயாளியைக் கண்ட அளவிலேயே அவருடைய தொழிலையும் வந்த வழியையும் உய்த்துணர்பவர். அவரை எண்ணியே ஹோம்ஸ் படைக்கப்பட்டார். மருத்துவரிலிருந்து பிறந்த துப்பறிவாளர், நூறாண்டு கடந்து மீண்டும் மருத்துவராக வந்தார் எனலாம். நியூயார்க் டைம்ஸ் வார இதழில் மருத்துவர் லிசா சாண்டர்ஸ் எழுதிய நோயறிதல் பத்தியும் தொடருக்குத் தூண்டுதலாக அமைந்தது. அவரே பின்னர்த் தொடரின் மருத்துவ ஆலோசகர்களுள் ஒருவரானார்.

துப்பறியும் கதையில் எல்லாரும் ஐயத்திற்கு உரியவர்கள். அவ்வியல்பு மருத்துவமனைக்குள் புகுந்தபோது, நோயாளியே ஐயத்திற்கு உரியவரானார். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பது ஹவுஸின் கொள்கை. அதனால் அவர் நோயாளியைக் காண்பதையே தவிர்க்கிறார். உதவி மருத்துவர்களை நோயாளியின் வீட்டுக்குள் பூட்டுத் திறந்து புகச் செய்து தடயம் தேடுகிறார். இக்கொள்கையைத் தொடர் மெய்ப்பிக்கிறதா என்று பார்க்கப் புகுந்தால், வியப்பானதொரு முடிவு கிட்டுகிறது. தொடரின் சிறந்த பகுதிகளே அதனை மறுத்துரைக்கின்றன.

சொல் தடுமாறிய ஆசிரியை

முதற் பகுதியின் நோயாளி மழலையர் வகுப்பாசிரியை ஒருவர். பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் அவர் வாயிலிருந்து பொருளற்ற ஒலிகள் வருகின்றன; வலிப்புக் கண்டு விழுகிறார். குழு ஒவ்வொரு நோயாகக் கருதிப் பார்க்கிறது. இரத்தக் குழாய் அழற்சி எனக் கொண்டு ஸ்டீராய்டு தருகிறது. சற்றே தேறியவர் மீண்டும் தளர்கிறார். இறுதியில் தெரியவருவது நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டாக்கும் நோய்.

இந்நோயைக் காட்டிக்கொடுத்தது ஒரு பொய். அப்பொய்யைச் சொன்னவர் நோயாளி அல்லர். ஹவுஸ் இந்த நோயாளியை ஏற்கவேண்டும் என்பதற்காக, அவரைத் தம் உறவினர் என்று கூறியவர் ஹவுஸின் நண்பரும் மருத்துவருமான வில்சன். ஆசிரியையின் வீட்டில் பன்றி இறைச்சி இருந்தது என அறிந்ததும், யூதராகிய வில்சனின் உறவினர் வீட்டில் அது எப்படி வந்தது என்ற வினா எழுகிறது. பொய் வெளிப்படுகிறது, புழுவும் வெளிப்படுகிறது. ஆசிரியை பொய்யொன்றும் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

மேலும் ஒன்று. மருத்துவர்கள் ஊகத்தின்மேல் ஊகமாகச் சிகிச்சை செய்வதைக் கண்டு சலித்த ஆசிரியை, சான்று இல்லாமல் இனி எந்த மருந்தும் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். அந்நிலையில்தான் ஹவுஸ் அவர் படுக்கையருகே வருகிறார். தொடைத் தசையில் எக்ஸ்ரே எடுத்து அங்கேயும் புழுவின் கூடு இருப்பதைக் காட்டிய பின்னரே அவர் மருந்துக்கு இசைகிறார். மருத்துவர் நோயாளியிடம் சான்று கேட்பது வழக்கம். இங்கே நோயாளி மருத்துவரிடம் சான்று கேட்கிறார். அக்கேள்வியே இப்பகுதியின் உயிர்நாடி.

இந்நோய் பற்றி ஒரு தெளிவு தேவை. வேகாத பன்றி இறைச்சியை உண்பவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, கழுவாத கையாலும் நீராலும் காய்கறியாலும் வாய்க்குள் சென்றால்தான் மூளையில் கூடு கட்டும் நோய் வரும். ஆதலின் இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரும். நோய் வேரூன்றிய பல பகுதிகளில் வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு இப்புழுவே காரணம் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவும் அத்தகைய நாடுகளுள் ஒன்று. நாடகம் அரிய புதிராகக் காட்டிய நோய், தமிழகத்து நரம்பியல் மருத்துவர்களுக்குப் புதியதன்று.

கரடி என்ற சொல்

2006இல் ஒளிபரப்பான பகுதியொன்றில் இதழாளர் ஒருவர் தலையில் அடிபட்டு விழுகிறார். எழுந்தபின் அவருக்குச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் இடம்மாறிக் கிடக்கின்றன. ஒன்றைச் சொல்ல எண்ணி வேறொன்றைச் சொல்கிறார். தாம் தவறாகச் சொல்வது அவருக்குப் புலப்படுவதில்லை. இது அஃபேசியா என்னும் சொற்குலைவு.

1861இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே ஒலிக்க வல்ல நோயாளியின் மூளையை ஆராய்ந்து, பேச்சுக்குரிய இடத்தை இடப்பக்க மூளையின் முன்பகுதியில் சுட்டினார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் குலைந்த மற்றொரு வகையை விளக்கினார். மொழியியலார் ரோமன் யாக்கப்சன் 1956இல் இதனை இலக்கியத்தோடு இணைத்தார். ஒத்த சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் குன்றியவர், தொடர்புடைய பொருளின் பெயரால் பேசுவார். கத்தியை முள்கரண்டி என்பார். சொற்களை அடுக்கிக் கோக்கும் ஆற்றல் குன்றியவர், ஒப்புமையால் பேசுவார். முன்னது ஆகுபெயரின் வழி; பின்னது உருவகத்தின் வழி. கவிதையின் இரு கால்களும் மூளையின் இருவேறு திறன்களில் ஊன்றி நிற்கின்றன என்பது அவர் கருத்து.

நாடகத்து இதழாளர் மீண்டும் மீண்டும் ‘கரடி’ என்கிறார். உளறல் எனக் குழு ஒதுக்குகிறது. பனியால் விமானம் தடைப்பட்டு வேறொரு நகரில் சிக்கிய ஹவுஸ், தொலைபேசியில் அச்சொல்லைக் கேட்டு நிற்கிறார். கரடி, துருவக் கரடி. ஆங்கிலத்தில் ‘துருவம்’ என்ற சொல்லோடு ‘இரு’ என்ற முன்னொட்டுச் சேர்ந்தால் ‘பைபோலார்’ என்னும் இருமுனை மனநோயின் பெயர். தமக்கு அந்நோய் இருந்ததையும், அதற்காக வெளிநாடு சென்று மூளையில் அறுவை செய்துகொண்டதையும் மனைவிக்கு மறைத்தவர் அவர். அப்பயணத்தில் பற்றிய மலேரியா மூளையைத் தாக்கியிருப்பது இறுதியில் தெரிகிறது.

இவர் மறைத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் மறைத்தது நாணத்தால். மனநோய்க்கு உலகம் இட்டிருக்கும் பெயருக்கு அஞ்சியதால். சொல் குலைந்த பின்னர் அவர் இடைவிடாது முயன்றது உண்மையைச் சொல்வதற்கே. அவ்வுண்மையைப் பெற்றுத் தந்தது வீடு புகுந்து தேடிய தடயம் அன்று. ஒரு சொல்லை, கவிதைச் சொல்லைப் போல, அதன் சார்புகளோடு கேட்ட செவி.

இமையே நாவாக

2009இல் வந்த பகுதி நோயாளியின் உள்ளத்திலிருந்தே சொல்லப்படுகிறது. விபத்தில் சிக்கியவன் ஒருவன் படுக்கையில் கிடக்கிறான். சுற்றி நிற்போர் பேசுவதெல்லாம் கேட்கிறது. பதில் சொல்ல உடம்பு இணங்கவில்லை. மூளை இறந்துவிட்டது, உறுப்புகளை எடுக்கலாம் என்று மருத்துவர் பேசுவதையும் கேட்டுக்கொண்டே கிடக்கிறான். அடுத்த படுக்கையில் தாமும் நோயாளியாகக் கிடந்த ஹவுஸ், அவன் கண்ணில் உயிர்ப்பைக் காண்கிறார்.

மூளைத் தண்டின் பாலம் என்ற பகுதி சிதைந்தால் இந்நிலை நேரும். அறிவு முழுமையாக இருக்கும். கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் மட்டுமே எஞ்சும். பிரெஞ்சு இதழாசிரியர் ழான் தொமினிக் போபி 1995இல் இந்நிலைக்கு ஆளானார். எழுத்துகளை ஒருவர் வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்தபோது இடக்கண்ணை இமைத்து, ஒரு நூல் முழுவதையும் அவ்வாறே சொல்லி முடித்தார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்த சில நாட்களில் மறைந்தார். எழுத்து எண்ணிப் பாட்டுக் கட்டும் கவிஞர்களுக்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் தந்த விலை விளங்கும்.

நாடகத்து நோயாளிக்கு இறுதியில் கண்டறியப்படுவது லெப்டோஸ்பைரோசிஸ். தமிழ் மக்கள் எலிக் காய்ச்சல் என்பது இதனையே. எலியின் சிறுநீர் கலந்த நீர், தோலின் புண் வழியாகவும் கண், வாய்ச் சவ்வு வழியாகவும் கிருமியை உட்செலுத்தும். பெருமழைக்குப் பின் தேங்கிய நீரில் நடப்போர்க்கு நேரும் இக்காய்ச்சல், நாடகம் காட்டும் வகையில் மூளைத் தண்டைத் தாக்குவது அரிதினும் அரிது. நாடகம் அரியதைத் தேடிச் செல்கிறது. ஆனால் அது காட்டிய அச்சம் அரியதன்று. தன் முன்னாலேயே தன்னைப் படர்க்கையில் வைத்துப் பேசக் கேட்ட நோயாளிகள் எல்லா ஊரிலும் உண்டு.

மருத்துவரின் தொடை

இதுகாறும் பிறர் நோய்கள் பேசப்பட்டன. ஹவுஸும் ஒரு நோயாளியே. அவருடைய வலக்காலின் கதை, 2005 மே மாதத்தில் வந்த ‘மூன்று கதைகள்’ என்ற பகுதியில் வெளிப்படுகிறது. இதனை எழுதிய டேவிட் ஷோர் அவ்வாண்டின் எம்மி விருதைப் பெற்றார். மாணவர்க்கு நடத்தும் விரிவுரையாகவே பகுதி அமைகிறது. கால்வலியோடு வந்த மூவரைப் பற்றி ஹவுஸ் கூறுகிறார். மூன்றாமவர் யார் என்பது மெல்ல மெல்லவே மாணவர்க்குப் புரிகிறது.

தொடைத் தசைக்குச் செல்லும் இரத்தம் கட்டியால் தடைப்பட்டுத் தசை இறந்துகொண்டிருந்தது. வெளியே தெரிந்த அறிகுறி வலி ஒன்றே. வலி மருந்துக்காக அலையும் போதைப் பழக்கத்தினர் எனக் கருதி மருத்துவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். மூன்று நாட்கள் கழிந்தன. தசை இறக்கிறது என்று இறுதியில் சொன்னவரும் நோயாளியே. காலை எடுக்க அவர் இசையவில்லை. அவர் மயக்கத்தில் இருந்த வேளையில், அவர் விருப்பத்துக்கு மாறாக, அவர்பால் அன்பு கொண்ட பெண் இறந்த தசையை நீக்கும் அறுவைக்கு ஒப்புதல் தந்தார். உயிர் நின்றது, வலியும் நின்றுவிட்டது.

ஹவுஸை முடமாக்கியது எது? நோயாளி பொய் சொல்கிறார் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையையே அவர் தம் கொள்கையாக ஏற்று, பிற நோயாளிகளிடம் செலுத்துகிறார். தொடரின் துயர முரண் இதுவே. அவருடைய கசப்பைச் சுவைத்துச் சிரிக்கும் பார்வையாளர் பலரும் இதனைக் காணத் தவறுகின்றனர்.

வலிக்கு அவர் உண்பது ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் கலந்த விக்கோடின். தொடக்கப் பருவங்களில் அம்மாத்திரைப் புட்டி நகைச்சுவைப் பொருளாகவே குலுங்குகிறது. 2009இல் ஐந்தாம் பருவ இறுதியில் அவர் மனநல மருத்துவமனையின் வாயிலில் நிற்கும்போதுதான் அதன் முழு விலை காட்டப்படுகிறது. தொடர் முடிந்தபின், 2014 அக்டோபரில், அமெரிக்க அரசு ஹைட்ரோகோடோன் கலவைகளைக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அந்நாட்டில் இவ்வகை மருந்துகளால் நேர்ந்த பேரழிவை அறிந்து இன்று காண்போர்க்கு, அத்தொடக்க நகைச்சுவை கைக்கிறது.

அறியாதிருக்கும் உரிமை

நான்காம் பருவத்தில் குழுவில் சேரும் பெண் மருத்துவர் ‘பதின்மூன்று’ என்ற எண்ணாலேயே அழைக்கப்படுகிறார். அவருடைய தாய் ஹண்டிங்டன் நோயால் இறந்தவர். 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் விளக்கிய இந்நோய் உடலசைவையும் நினைவையும் மனநிலையையும் படிப்படியாகச் சிதைப்பது. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. 1993இல் மரபணு கண்டறியப்பட்டதால், நோய் தோன்றப் பல்லாண்டு முன்பே சோதித்து அறியலாம். முற்றும் நீக்கும் மருந்து இல்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி 1967இல் இந்நோயால்தான் மறைந்தார்.

அறிந்து என்ன பயன் என்று மறுக்கிறார் அப்பெண். அறியாமல் வாழ்வது கோழைத்தனம் என்பது ஹவுஸின் எண்ணம். 2008இல் பருவ இறுதியில் அவர் தாமே சோதித்துத் தமக்கும் நோய் உண்டென அறிகிறார். எல்லா மறைகளையும் திறக்கத் துடிக்கும் துப்பறிவாளர் முன்னே, தன் உடம்பின் மறையைத் திறக்கும் நேரத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதை இப்பாத்திரம் நிலைநாட்டுகிறது. மரபியல் ஆலோசகர்களின் நெறியும் அதுவே.

தொடர் காட்டாதவை

குறைகளையும் கூறுதல் ஆய்வின் கடன். காலில் வலி இருப்பவர் ஊன்றுகோலை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும் என்பது மறுவாழ்வு மருத்துவத்தின் தொடக்கப் பாடம். ஹவுஸ் வலக்கால் வலிக்கு வலக்கையிலேயே பிடிக்கிறார். தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்னும் நோய், ஒவ்வொரு புதிரிலும் முன்மொழியப்பட்டுத் தள்ளப்படுவதால் பார்வையாளரின் கேலிப்பொருளாயிற்று. அந்நோயால் வருந்துவோருள் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள் என்பதையும், அவர்களுட் பலர் தம் சோர்வு நம்பப்படாமல் நெடுநாள் அலைந்தவர்கள் என்பதையும் அக்கேலி மறைத்துவிடுகிறது.

இது இத்தொடருக்கு மட்டும் உரிய குறை அன்று. முந்தைய மருத்துவமனைத் தொடர்களை ஆராய்ந்து 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரை, 97 பகுதிகளில் நின்ற இதயத்தை மீட்கும் முயற்சி 60 முறை காட்டப்பட்டதையும், அவற்றுள் 75 விழுக்காட்டில் நோயாளி உடனடியாகப் பிழைத்ததையும் எடுத்துரைத்தது. உண்மை மருத்துவமனைகளில் பிழைப்போர் அவ்வளவில் சிறு பங்கினரே. திரையில் உயிர் எளிதில் திரும்புவதைக் கண்டு பழகிய உறவினர், மருத்துவமனை வாயிலில் எத்தகைய நம்பிக்கையோடு நிற்பர் என்பது எண்ணற்குரியது.

பெருங்குறை வேறொன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகக் காண்கிறது. ‘ஹவுஸ்’ தொடரில் நான்காம் கூறு ஏறத்தாழ இல்லை. இரத்தம் எடுப்பதும், சோதிப்பதும், இரவில் காவலிருப்பதும் மருத்துவர்களே. செவிலியர் பின்னணியில் நடந்து மறைகின்றனர். நோயாளியின் சொல்லை நாளெல்லாம் கேட்பவரை நீக்கிவிட்டு, நோயாளி உண்மை சொல்வதில்லை எனக் குறைகூறுவது முறையாகாது.

நாடகம் பயன்பட்ட இடம்

ஆயினும் இத்தொடர் ஓர் உயிர்க்கு உதவிய செய்தி பதிவாகியுள்ளது. 2012இல் செருமனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 55 வயதினர் ஒருவர் வந்தார். இதயம் தளர்ந்திருந்தது, காய்ச்சல் இருந்தது, பார்வையும் செவியும் மங்கிக்கொண்டிருந்தன. பல இடங்களில் பார்த்தும் காரணம் தெரியவில்லை. இத்தொடரைக் கொண்டு மாணவர்க்குப் பாடம் நடத்திவந்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபர், 2011இல் வந்த பகுதியொன்றை நினைவுகூர்ந்தார். அதில் செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட் உலோகம் இரத்தத்தில் கலந்து நஞ்சாகியிருந்தது. இந்நோயாளிக்கும் முன்னர் உடைந்த பீங்கான் மூட்டுக்கு மாற்றாக உலோக மூட்டு வைக்கப்பட்டிருந்தது. எஞ்சிய பீங்கான் துகள்கள் உலோகத்தை அரைத்துக்கொண்டிருந்தன. மூட்டு மாற்றப்பட்டபின் இதயம் தேறியது. பார்வையும் செவியும் சிறிதளவே மீண்டன. 2014இல் லான்செட் இதழ் இதனை வெளியிட்டது.

இந்நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியின் வெற்றியாகவே பலரும் போற்றினர். கூர்ந்து நோக்கின், மூட்டு மாற்றிய வரலாறு நோயாளியிடமே இருந்தது. அதனைக் கேட்டுப் பொருத்திப் பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார். நாடகம் அந்த ஒருவரின் செவியைத் தீட்டியிருந்தது.

நிறைவாக

சான்று கேட்ட ஆசிரியை, கரடி என்று கூவிய இதழாளர், இமையால் பேசியவன், வலியைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஹவுஸ், அறியாதிருக்க விரும்பிய இளம் மருத்துவர் என ஐவரையும் ஒருசேர வைத்துக் காணும்போது ஒன்று தெளிவாகிறது. நோயாளி சில வேளை மறைக்கிறார். நாணத்தாலும் அச்சத்தாலும் மறைக்கிறார். ஆனால் அவர் சொல்லைத் தள்ளியபோதெல்லாம் நோய் வளர்ந்தது. பொறுத்துக் கேட்டபோது வழி திறந்தது. தொடரின் முழக்கம் ஒன்று. அதன் கதைகள் கூறுவது வேறொன்று.

நேர்ப்பொருள் தராத சொல்லையும் பிதற்றல் என்று தள்ளாமல், அதன் சார்பையும் ஒலியையும் ஓர்ந்து கேட்பது கவிஞர்களுக்குக் கைவந்த பயிற்சி. அப்பயிற்சி ஏட்டோடு நிற்கவேண்டுவதில்லை. வீட்டில் முதியவர் ஒருவர், இன்னது என்று சொல்லத் தெரியவில்லை, உள்ளே ஏதோ செய்கிறது என்று கூறும் வேளையிலும், மருத்துவரிடம் அவர் சொல்லை எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்படும் வேளையிலும் அது பயன்படட்டும்.